குளத்து நீரைப் பிடித்து வைத்திருப்பது எது?

பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி ஓடும் உபரிநீர் இப்போது அன்னூர்ப் பக்கத்துக் குளங்களுக்கும் வருகிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆறு நீரேற்று நிலையங்கள், அவற்றில் ஒன்று அன்னூரில். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய்கள். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள், அவற்றுக்கு ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. தண்ணீர். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் ஈரம் காட்டாத ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்கிய தண்ணீர் இது.

அந்தத் தண்ணீரில் முதல் பங்கு கேட்டு நிற்பது வெயில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த மேட்டு நிலத்தில் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவில்தான். வெயிலும் காற்றும் ஓராண்டில் உறிஞ்சக்கூடிய நீரோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கோடையில் ஒரு குளத்தின் மட்டம் ஆவியாதலால் மட்டும் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத இறக்கம். ஆனால் ஒரு ஏக்கர் குளத்தில் அது 20,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி இரண்டு, சத்தமில்லாமல் ஒவ்வொரு நாளும் கிளம்பிப் போகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், இவ்வளவு போவது அல்ல, இவ்வளவுதான் போகிறது என்பது. ஒரு லிட்டர் தண்ணீரை 200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல், பம்பின் இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், வெறும் 2 கிலோஜூல். அதே ஒரு லிட்டரை 30 டிகிரி வெப்பத்தில் ஆவியாக்க வேண்டுமென்றால் சுமார் 2,430 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ 1,200 மடங்கு! அந்த ஒரு ஏக்கர் குளம் ஒரு நாளில் இழக்கும் நீரை மின்சாரத்தால் ஆவியாக்கப் பார்த்தால் 13,000 யூனிட்டுக்கு மேல் ஓடும். சூரியன் மட்டுமே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை அது. தண்ணீரைத் தண்ணீரிடமிருந்து பிரிப்பது அத்தனை கடினம். பிரிய விடாமல் பிடித்து வைத்திருப்பவை மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசைகள்.

தண்ணீர் மூலக்கூறு ஒன்றில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணம் ஆக்சிஜனுக்கு அதிகம். அதனால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் வந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் இப்படி நான்கு பேர் வரை பிடித்துக்கொள்ள முடியும். தனித்தனியாகப் பார்த்தால் இந்தப் பிடி பெரிதல்ல, மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பின் வலுவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். நிலையானதும் அல்ல. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அறுந்து அறுந்து மீண்டும் சேர்கிறது. ஆனாலும் எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒவ்வொரு மூலக்கூறும் யாரோ சிலரின் பிடியில்தான் இருக்கும்.

இந்தப் பிடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாண எரிவாயுக் கலனே காட்டிவிடுகிறது. அதில் உண்டாகும் மீத்தேனின் மூலக்கூறு நிறை 16, தண்ணீருக்கு 18. எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் மீத்தேன் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது. அதைத் திரவமாக்க மைனஸ் 161 டிகிரிக்கும் கீழே குளிர்விக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, தண்ணீரைப் போலவே அமைந்த மூலக்கூறு. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். எடையும் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. கந்தகத்தால் ஆக்சிஜன் அளவுக்கு எலக்ட்ரானை இழுக்க முடியாததுதான் காரணம். ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் இல்லையென்றால் உலகத்தில் எந்த ஊரிலும் குளமும் இருந்திருக்காது, கடலும் இருந்திருக்காது.

அப்படியானால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 30 டிகிரியிலேயே ஆவியாவது எப்படி? எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பெரும்பாலானவை நடுத்தர வேகத்தில் அலையும்போது, மோதி மோதிச் சிலவற்றுக்கு மட்டும் அளவுக்கு மீறிய வேகம் கிடைத்துவிடுகிறது. அப்படி ஒன்று நீரின் நடுவில் இருந்தால் பயனில்லை, நாலாபுறமும் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மேற்பரப்பில் இருந்தால் மேலிருந்து இழுக்க யாரும் இல்லை. பக்கத்தில் உள்ளவர்களின் பிடியை அறுத்துக்கொண்டு அது வெளியேறிவிடும். போகிறவை வேகமானவை என்பதால் தங்கிவிடுகிறவற்றின் சராசரி வேகம் குறைகிறது, அதாவது நீர் குளிர்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்புறத்தில் உலரும் ஈரம், உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

ஊசி போடுவதற்கு முன் கையில் தடவும் ஸ்பிரிட் தண்ணீரைவிட அதிகமாகச் சில்லிடும். ஒரு கிராம் ஆல்கஹால் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஒரு கிராம் தண்ணீர் எடுத்துக்கொள்வதில் பாதிகூட இல்லை. பிறகு எப்படி அதிகச் சில்லிப்பு? விடை வேகத்தில் இருக்கிறது. எத்தனால் மூலக்கூறில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு உதவும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனை ஒன்றே ஒன்று, மீதி உடம்பு கார்பனும் ஹைட்ரஜனும். பிடி தளர்ந்திருப்பதால் அது சடசடவென்று கிளம்பிவிடுகிறது. மூடிய கலத்தில் 20 டிகிரியில் இந்தத் திரவங்களின் ஆவி எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும்: தண்ணீர் 17.5 மில்லிமீட்டர் பாதரசம், எத்தனால் 44, நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோன் 185. அசிட்டோனில் ஆக்சிஜன் உண்டு, ஆனால் அந்த ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் இல்லை. தன் இனத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட அதனால் முடியாது. பாட்டிலைத் திறந்தவுடன் அறை முழுக்க மணப்பது அதனால்தான்.

எதிர்ப்பக்கத்தில் கிளிசரின். அதில் அந்த முனைகள் மூன்று. கொதிநிலை 290 டிகிரி. கையில் தடவினால் உலராது, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. தரையில் சிந்தினால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் அதன் மூலக்கூறில் ஹைட்ரஜன் பிணைப்புப் போடும் முனை எதுவும் இல்லை. அங்கே வேலை செய்வது வான்டர்வால்ஸ் விசையின் மிக மெல்லிய வகை. நெதர்லாந்து இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் 1873-ல் தம் ஆய்வேட்டில் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு இருப்பதைக் கணக்கில் கொண்டுவந்தார். அதில் இந்த மெல்லிய வகை எப்படிப் பிறக்கிறது என்பதை 1930-ல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயற்பியல் கொண்டு விளக்கினார். எலக்ட்ரான்கள் நொடிக்கு நொடி இடம் மாறும்போது தோன்றி மறையும் மின் ஏற்றத்தாழ்வுகள் பக்கத்து மூலக்கூறையும் தூண்டி இழுக்கின்றன. ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று பார்த்தால் அற்பமான இழுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் திரிக்கும் தேங்காய் நார்க் கயிற்றைப் போல, ஒற்றை நாரை விரலால் அறுத்துவிடலாம், நூறு நார் சேர்ந்தால் தேர் இழுக்கும். ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கிறது, பத்து கார்பன் என்றால் 174, பதினாறு என்றால் 287. பெட்ரோல் பங்க்கில் வாசம் தூக்குவதும் எண்ணெய் விளக்கில் எண்ணெய் அசையாமல் நிற்பதும் சங்கிலி நீளத்தின் வேறுபாடு.

கொங்கு நாட்டின் தொழில்கள் பலவும் இந்தப் பிடியோடு நடத்தும் பேரம்தான். பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது, செல்லுலோஸ் முழுக்க ஆக்சிஜன்–ஹைட்ரஜன் முனைகள். தண்ணீரை அது விடுவதில்லை. ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. கொடியில் காயப்போட்ட பருத்திச் சட்டை கடைசியாக உலர்வது இதனால். கோவை நூற்பாலைகள் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவிகளுக்குச் செலவு செய்வதும் இதனால்தான், காய்ந்த பருத்தி நூலாகும்போது அறுந்து அறுந்து போகும். கவுந்தப்பாடி வட்டாரத்தில் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஏற்றிக் காய்ச்சும்போது, முதலில் தண்ணீர் எளிதாகப் போகும். பாகு கெட்டியாகக் கெட்டியாக மீதி நீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெப்பநிலை 100-ஐத் தாண்டி, வெல்லம் பதத்துக்கு வரும்போது 118 டிகிரியை ஒட்டி நிற்கும். அடுப்பை எப்போது தணிப்பது என்று பதம் பார்ப்பவருக்குத் தெரியும். அவர் கை உணர்வது அந்தப் பிடியின் இறுக்கத்தைத்தான்.

இந்தப் பேரத்தில் மிக அதிக விலை கொடுத்த ஊர் திருப்பூர். பருத்தியில் சாயம் ஏறக் கிலோ கணக்கில் உப்புப் போட வேண்டும். தண்ணீருக்குள் பருத்தியின் பரப்பும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கின்றன. வேலை முடிந்ததும் உப்பு முழுவதும் கழிவுநீரில். அது நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்ததால், 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் கிடங்காக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் மீண்டும் இயங்கலாம் என்ற நிலை வந்தது.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்.ஓ. கருவியில், பெரும்பங்கு நீரைப் பிரித்துவிடலாம். அங்கே நீர் திரவமாகவே வடிகட்டிக்குள் போய் வருகிறது, மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிய்க்க வேண்டியதில்லை. எஞ்சி நிற்கும் அடர்ந்த உப்புநீர்தான் சிக்கல். அதை இவாப்பரேட்டரில் ஏற்றிக் காய்ச்சியே ஆக வேண்டும். சோடியம் அயனி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை வளையமாக நிறுத்தி வைத்திருக்கும், அந்தப் பிடி ஹைட்ரஜன் பிணைப்பைவிட வலுவானது. கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். கொதிகலனில் எரியும் விறகு முழுவதும் இந்தப் பிடிகளுக்குக் கட்டும் விலை.

பொறியாளர்கள் இதில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். நீராவி மீண்டும் திரவமாகும்போது மூலக்கூறுகள் பழையபடி கைகோக்கின்றன, பிரிக்கச் செலவான வெப்பம் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. முதல் கலனில் எழுந்த ஆவியை இரண்டாவது கலனின் குழாய்களில் படிய விட்டு, அதன் வெப்பத்தால் அங்குள்ள உப்புநீரைக் கொதிக்க வைக்கலாம். அழுத்தம் குறைந்திருப்பதால் இரண்டாவது கலன் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். இப்படி மூன்று நான்கு கலன் தாண்டி ஒரே வெப்பம் பலமுறை உழைக்கிறது. கடைசியில் படியும் உப்பு மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. இன்று கடையில் வாங்கும் பனியன் விலையில் இந்த வெப்பத்துக்கான சில காசுகளும் உண்டு. அவை கொடுக்க வேண்டிய காசுகள்.

சாயப்பட்டறைக்குப் பிடி தளர வேண்டும். குளத்துக்கோ பிடி இறுக வேண்டும். நீரின் மேற்பரப்பில் கூடுதலாக ஒரு பூட்டுப் போட முடியுமா என்ற கேள்வி பழையது. லண்டனில் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு அரை ஏக்கர் அளவுக்கு அலை அடங்கியதை 1774-ல் எழுதினார். அவருக்குப் பிறகு, ஜெர்மனியில் கல்லூரி வாசலை மிதிக்காத ஆக்னஸ் பாக்கல்ஸ் வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி வைத்து மேற்பரப்புப் படலங்களை அளந்தார். 1891-ல் அவருடைய கடிதம் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் கொண்ட படலம் ஆவியாதலை எவ்வளவு தடுக்கிறது என்பதை 1943-ல் இர்விங் லாங்மியூரும் வின்சென்ட் ஷேஃபரும் அளந்து காட்டினார்கள்.

இதற்குப் பொருத்தமான பொருள், முகப்பூச்சுக் களிம்புகளில் சேரும் சீட்டைல் ஆல்கஹால். பதினாறு கார்பன் நீள வால், நுனியில் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தலை. தலை தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு நிற்கும், வால்கள் வானம் பார்த்து நெருக்கமாக அடுக்கி நிற்கும். வால்களுக்கிடையே அதே மெல்லிய வான்டர்வால்ஸ் இழுப்பு, பதினாறு கார்பன் நீளத்துக்கும். கீழிருந்து வரும் தண்ணீர் மூலக்கூறு இந்த நெருக்கத்தில் வழி தேட வேண்டும். இதே போன்ற மூலக்கூறின் வாலில் ஓரிடத்தில் வளைவு இருந்தால் போதும், அடுக்கு கலைந்து தடுப்பு ஏறக்குறைய போய்விடும். ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பை மூட 8 கிராம் போதும்!

1950-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மான்ஸ்ஃபீல்ட் இதை நீர்த்தேக்கங்களில் சோதித்தார். காற்றில்லாத நாளில் நல்ல பலன். காற்று எழுந்தால் படலம் சுருண்டு ஒரு கரையில் போய் ஒதுங்கிவிடும். அன்னூருக்கு இது சாதாரணத் தடை அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. அது படலத்தை ஒதுக்குவதோடு நிற்காது. குளத்தின் மேல் தங்கி நிற்கும் ஈரக்காற்றிலிருந்து ஓரளவு மூலக்கூறுகள் எப்போதும் நீருக்கே திரும்பி விழுந்துகொண்டிருக்கும். காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போவதால் போனவை திரும்புவதில்லை. கணவாயைத் தாண்டும்போது மழையை மலையாளக் கரையிலேயே கொட்டிவிட்டு வருவதால் அதற்குத் தாகமும் அதிகம்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் தகடுகளை ஒட்டி மிதக்க விட்டபோது அவற்றைக் கரை சேர்த்ததும் காற்றுதான். மேற்பரப்பை மூடுவது என்ற எண்ணம் பிழையானது அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-ல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டியது. தண்ணீரின் தரத்தைக் காப்பது அதன் முதல் நோக்கம், ஆவியாதல் குறைந்தது கூடுதல் பலன். அந்தப் பந்துகளுக்குள் ஓரளவு தண்ணீர் நிரப்பியிருந்தார்கள், காற்று தூக்காமல் இருக்க. தூத்துக்குடியில் ஸ்பிக் வளாகத்து நீர்த்தேக்கத்தின் மேல் 2022-ல் மிதக்கும் சூரியத் தகடுகள் வந்தன. வெயில் நீரைத் தொடுமுன்பே மின்சாரமாகிவிடுகிறது. ஆலைக்கு அது கட்டுப்படியாகும். ஆயிரம் குளங்களுக்கு யார் தகடு போடுவது?

அன்னூர் வட்டாரத்துக்கு மலிவான மூடி மண்தான். நிலத்துக்குள் சில மீட்டர் இறங்கிவிட்ட நீரில் ஆவியாவது மிகமிகக் குறைவு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் நோக்கமே நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதுதான். குளத்தைத் ததும்பத் ததும்பக் காட்சிக்கு வைப்பதல்ல. அடியில் வண்டல் படிந்து இறுகிய குளம் நீரைக் கீழே விடாமல் வெயிலுக்கு வைத்துக் காத்திருக்கும். வண்டல் எடுத்த குளம் விழுங்கும். ‘விட்ட தண்ணி நிக்க மாட்டேங்குது’ என்று ஊரில் கவலைப்படுவதுண்டு. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பதை எளிதாகக் கணக்கிடலாம்.

வேளாண் வானிலை நிலையங்களில் நான்கடி விட்டமும் ஒரு சாண் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி ஒன்று மரச்சட்டத்தின் மேல் இருக்கும். பறவைகள் குடித்துவிடாமல் மேலே கம்பி வலை. உள்ளே ஒரு சிறு குழலில் மேல்நோக்கி நிற்கும் ஊசிமுனை. முந்தைய நாள் ஊசிமுனையைத் தொட்டு நின்ற நீர் இறங்கியிருந்தால், அளவுக் குடுவையால் ஊற்றி மீண்டும் முனைக்குக் கொண்டுவருவார்கள். ஊற்றிய அளவே அன்றைய ஆவியாதல். தொட்டியின் சுவர் வெயிலில் சூடாவதால் அதில் இறக்கம் சற்று அதிகம், குளத்தில் அதில் பத்துக்கு ஏழு பங்கு என்று கொள்வது வழக்கம். தொட்டி 7 மில்லிமீட்டர் காட்டிய நாளில் குளத்திலிருந்து வானத்துக்குப் போனது 5. வரத்தும் இறைப்பும் இல்லாத அந்த நாளில் குளத்து அளவுகோல் 20 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், மீதி 15 நிலத்துக்குள் போயிருக்கிறது. ஏக்கருக்கு 60,000 லிட்டர்.